மலைவழிப் பொதிக்கு இளங் குதிரைகளைப் பழக்கும் முறை

சிறுமலையிலும் கீழ்ப் பழனி மலைச் சரிவுகளிலும் தோட்டம் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு வாழை, காபி, மிளகு முதலியவற்றை விளைவிப்பது பாதி வேலையே ஆகும். விளைந்ததைப் பாட்டை உள்ள இடம் வரையில் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பது மற்றப் பாதி. லாரி ஏறக்கூடாத தோட்டங்களும், ஒற்றையடிப் பாதையன்றி வேறு வழியில்லாத சிற்றூர்களும் இன்றும் இருக்கின்றன. அங்கெல்லாம் மட்டக் குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையுமே சுமை தூக்கிகள். கிராம அதிகாரிகளுக்கும் இது புதிய செய்தியன்று. 2021ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலின்போது தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகிலேயே ஏறிச் சென்றன.

இப்பிராணிகளைப் பற்றி மலையூர்களில் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. வாங்கிய குதிரை ஏழெட்டு வயதிலேயே முதுகு குழிந்து, முழங்கால் வீங்கி, இறக்கத்தில் கால் நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதே அது. நன்றாக வளர்த்துப் பழக்கிய மட்டக் குதிரை பதினைந்து வயதைத் தாண்டியும் மலையேறும். அது பாதி ஆயுளிலேயே பயனற்றுப் போவதற்குத் தீவனக் குறைவும் வியாதியும் காரணமாக இருப்பதுண்டு. ஆயினும் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை குட்டிப் பருவத்தில் எஜமானர்கள் காட்டிய அவசரத்தாலேயே கெட்டவை. ஆகையால் இக்கட்டுரையில் எந்த வயதில் எதைக் கற்பிக்கலாம், எப்பொழுது பொதி ஏற்றலாம் என்பதையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் யாவரும் அறிந்ததே. ஏறக்குறைய இரண்டரை வயதில் முன்வாயின் நடுப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரையில் அவற்றை அடுத்தவையும், நாலரையில் ஓரத்துப் பற்களும் மாறும். ஐந்தாம் வயதில் வாய் நிறைந்துவிடும். இதுவரையில் தகராறில்லை. ஆனால் முதல் ஜோடிப் பல் விழுந்தவுடன் பிராணி வேலைக்குத் தயாராகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழையாகும். மாட்டைப் பற்றிய பழக்கத்தை ஆராயாமல் குதிரைக்கும் பொருத்திவிடுகிறோம். குதிரையின் எலும்புகள் கீழிருந்து மேலாக முதிர்கின்றன. குளம்பை அடுத்த எலும்புகள் முதலில் இறுகும்; முன்னங்கால் முட்டிக்கு மேற்பட்டவை இரண்டரை வயதை ஒட்டி இறுகும்; பொதியைத் தாங்கவேண்டிய முதுகெலும்புக் கணுக்களோ எல்லாவற்றிற்கும் கடைசியாக, ஐந்து வயதைக் கடந்தே முழுமையாக முதிரும். காலைப் பார்த்தால் பெரிய குதிரையாகத் தோன்றும். முதுகு இன்னும் குட்டியின் முதுகுதான்.

இதை நான் புத்தகத்தில் கற்றேனில்லை. டிப்ளமா வகுப்பில் எங்களுக்குப் பல் அட்டவணையை மனப்பாடம் செய்வித்தார்கள். முதுகைப் பற்றி ஒருவரும் பேசினாரில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், மலையூர் ஒன்றில் வயதான குடியானவர் ஒருவர் தம் வீட்டிலேயே பிறந்த ஆண்குட்டியைக் காட்டி, "ஐயா, காய் வெட்டுக்கு வந்துவிட்டது. கிழக் குதிரை இந்தப் பருவம் தாங்காது. இவனுக்குப் பொதி வைக்கலாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து பார்த்தேன். நடுப்பற்கள் மாறியிருந்தன. வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அளவாகவே ஏற்றினார், அடித்ததுமில்லை. ஆயினும் அடுத்த பருவத்தில் நான் சென்றபோது அக்குட்டி படுத்தால் எழுந்திருக்கத் தயங்கியது. முன்முட்டிகள் இரண்டும் உருண்டு தடித்திருந்தன. மறு ஆண்டு இறக்கம் ஒன்றில் முன்கால் மடிந்து பொதியோடு விழுந்து, அதன் பிறகு ஒருபோதும் சுமைக்கு உதவவில்லை. பெரியவர் என்னைக் குறை கூறவேயில்லை. "நீங்கள் பார்த்துத்தானே, ஐயா, சொன்னீர்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குடும்பம் அவ்வாண்டு வாழைத்தார்களைத் தலைச்சுமையாக இறக்கியது. அன்று முதல், வாய் நிறையாத பிராணிக்கு முழுப் பொதி ஏற்றலாம் என்று நான் எவருக்கும் யோசனை கூறுவதில்லை.

இவ்விஷயத்தில் அயல்நாட்டார் வழக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமா என்னும் பிராணி பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொதி சுமந்து வருகிறது. அங்கே அதன் மேல் ஏற்றும் சுமை சாதாரணமாக 25 முதல் 30 கிலோ வரையில்தான். வட அமெரிக்காவில் மலைப் பிரயாணம் செய்வோரும் இதனை வளர்த்துப் பழக்குகிறார்கள். அவர்களும் பால் மறந்த குட்டிக்குத் தலைக்கயிறு பழக்குகிறார்கள். இரண்டாம் வயதில் வெறுஞ் சேணம் வைக்கிறார்கள். முழுச் சுமைக்கோ ஏறக்குறைய நான்காம் வயது வரையில் காத்திருக்கிறார்கள். நமது குதிரையை விடச் சிறிய பிராணிக்கே இவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள் என்றால் நாம் காட்டவேண்டியது எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

காத்திருப்பது என்றால் ஐந்து வயது வரையில் பிராணியைச் சும்மா மேயவிடுவது என்பது பொருளன்று. அவ்வாறு விடப்பட்ட குதிரை உடலில் வலுத்தும் மனத்தில் காட்டுப்பிராணியாகவும் நிற்கும்; பிறகு அதை அடக்குவதற்குள் ஆளுக்கும் அடி, அதற்கும் அடி. சுமைதான் பிந்தவேண்டும், கல்வி பிறந்த வாரத்திலேயே ஆரம்பிக்கவேண்டும்.

குட்டி பிறந்த சில நாட்களுக்குள் தாயின் அருகிலேயே அதன் கழுத்து, முதுகு, வயிறு, கால்கள் யாவற்றையும் கையால் தடவிப் பழக்குக. தினம் கால் நாழிகை போதுமானது. இரு பக்கமும் நின்று தடவவேண்டும் என்பதை மறவாதீர்கள். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், இடக்கண்ணால் பார்த்துப் பழகிய கோணிச் சாக்கை வலக்கண்ணால் பார்க்கும்போது புதியதென்று எண்ணி மிரளும். இடப்பக்கத்தில் சாதுவாக நின்று வலப்பக்கத்தில் உதைக்கும் குதிரைகள் பல, இந்த ஒரு சிறு காரியத்தைச் செய்யாததன் பலனே. நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பைத் தட்டிவிடுவதும் இப்பருவத்திலேயே பழகினால், பிற்காலத்தில் லாடம் அடிப்பவன் உங்களை வாழ்த்துவான்.

ஆறு மாதமளவில் பால் மறக்கச் செய்து, தலைக்கயிற்றில் நடக்கக் கற்பிக்கலாம். கயிற்றை இழுத்து இழுத்து நடத்துவது தவறு. இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் சுபாவம். லேசாகக் கயிற்றை இறுக்கி, அது ஓரடி எடுத்து வைத்தவுடனே தளர்த்திவிட வேண்டும். அடியெடுத்தால் இறுக்கம் போகிறது என்பதை அது நாலு நாளில் கண்டுகொள்ளும். கயிற்றை எக்காரணத்தாலும் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. மிரண்ட குட்டியோடு இழுபட்டு விரலை இழந்த ஆட்களை நான் அறிவேன். "நட", "நில்" என்பன போன்ற இரண்டு மூன்று சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வீட்டிலுள்ள அனைவரும் அதே சொற்களையே ஆளவேண்டும். தகப்பனார் ஒரு சொல்லும் மகன் ஒரு சொல்லும் சொன்னால் பிராணி இருவர் சொல்லையும் கேளாது.

தாயை இழந்த ஆண்குட்டியைப் புட்டிப்பால் ஊட்டி வீட்டுக் குழந்தையைப் போல் வளர்க்கும் தயாளர்கள் சிலருண்டு. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மனிதரோடு மட்டுமே வளர்ந்த ஆண்குட்டி மனிதரைத் தன் இனமாகவே கருதி, பெரியதானபின் மற்றொரு குதிரையோடு விளையாடுவது போல் முன்கால் தூக்கியும் கடித்தும் நம்மோடு விளையாட வரும். லாமாக் குட்டிகளிலும் இதே கேடு உண்டென்பதை மேலே சொன்ன அமெரிக்கர்கள் நன்கு அறிவர். புட்டிப்பால் ஊட்டுவது அவசியமாயின் ஊட்டுக. மற்ற நேரமெல்லாம் அதை வேறு குதிரைகளோடு விட்டுவைக்க வேண்டும். பொதிக்கென்று வைத்திருக்கும் ஆண்குட்டியை ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் கால்நடை மருத்துவரைக் கொண்டு காயடித்துவிடுவதே நலம். மயக்கமருந்தின்றி நாட்டு முறையில் செய்வது கொடுமையும் அபாயமும் ஆகும்.

ஒரு வயது முதல் மூன்று வயது வரையில் குட்டியின் பள்ளிக்கூடம் மலைப்பாதையே. சுமை ஏதுமின்றி, பழகிய பெரிய குதிரையின் பின்னே அதைத் தலைக்கயிற்றில் நடத்திச் செல்க. ஓடையைக் கடப்பது, மரப்பாலத்தின் ஓசைக்கு அஞ்சாமலிருப்பது, குறுகிய இடத்தில் திரும்புவது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்பது இவையெல்லாம் முன்செல்லும் குதிரையைப் பார்த்தே அது கற்றுக்கொள்ளும். மனிதன் பத்து நாளில் கற்பிப்பதைக் கிழப் பெட்டைக்குதிரை ஒன்று ஒரே நாளில் கற்பித்துவிடும். ஆகையால் கிழக்குதிரை சுமைக்கு ஆகவில்லை என்று உடனே விற்றுவிடாதீர்கள்.

இரண்டரை வயதுக்கு மேல் வெறும் கம்பளியை மடித்து முதுகில் வைத்து எடுப்பதில் தொடங்கலாம். முதலில் கம்பளியை அதன் மூக்கில் காட்டி முகரவிடுக. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மெல்லத் தேய்த்து வைக்க. அது அசையாதிருக்கும் நிலை வந்தபின் பொதிச் சேணத்தை வைத்து வயிற்று வாரை ஒரு துளையளவு மட்டும் கட்டி நடத்துக. ஒரே நாளில் இறுகக் கட்டினால் சில குட்டிகள் முதுகை வளைத்துத் துள்ளும். அப்பயம் ஆயுளுக்கும் போகாது. அடுத்தபடியாக இரு பக்கமும் வைக்கோல் அடைத்த சாக்குகள். சாக்கின் கனம் ஒன்றுமில்லாவிடினும் அகலம் உண்டு. தன் உடல் இப்பொழுது அகன்றிருக்கிறது என்பதை உணர்ந்து மரத்தில் இடிக்காமல் நடக்கக் குட்டிக்குச் சில வாரங்கள் பிடிக்கும். இடித்துச் சாக்குக் கிழிந்தால் வைக்கோல்தானே போயிற்று! காபிக்கொட்டை போவதைவிட மேல். பாத்திரங்கள் குலுங்கும் ஓசைக்குப் பழக, பழைய தகரங்கள் இரண்டைக் கட்டியும் நடத்தலாம்.

நாலு வயதில் உண்மையான சுமையைச் சிறிதளவு, 10 அல்லது 15 கிலோவில் ஆரம்பித்து, சமதரையில் முதலிலும் ஏற்றத்தில் பிறகும் பழக்குக. வாய் நிறைந்தபின் சிறிது சிறிதாகக் கூட்டி முழுச் சுமைக்கு வரலாம்.

முழுச் சுமை எவ்வளவு? பிராணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வது மலைவழிக்குத் தக்க அளவு. சேணத்தின் எடையும் இதில் அடக்கம். சவாரி செய்யும் மனிதன் ஏற்றத்தில் முன்னே சாய்ந்தும் இறக்கத்தில் பின்னே சாய்ந்தும் குதிரைக்கு உதவுகிறான். பொதியோ செத்த சுமை. ஆகையால் சவாரிக் கணக்கைப் பொதிக்குப் பொருத்தலாகாது. மலையூரில் எடை மேடைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதற்கு எளிய வழியுண்டு. முன்னங்கால்களை அடுத்துப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த சென்டிமீட்டர் எண்ணை அதே எண்ணால் பெருக்குக. தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, வந்த தொகையை 11,900 ஆல் வகுக்கக் கிடைப்பது வளர்ந்த குதிரையின் உத்தேச எடை, கிலோவில். சுற்றளவு 140, நீளம் 125 உள்ள மட்டக் குதிரைக்குக் கணக்கிட்டால் 206 கிலோ வரும். ஐந்தில் ஒரு பங்கு 41 கிலோ. சேணம் 8 கிலோவாயின் பொதி 33 கிலோவே. இது மிகக் குறைவென்று பலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தவர்களின் குதிரைகளின் முதுகை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கிராம அதிகாரிகள் இதை அறிந்திருப்பது நலம். இழுவை, பொதிப் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின்படி, மட்டக் குதிரைக்கு 70 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவும், கழுதைக்கு 50 கிலோவும் உச்ச அளவாகும். நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணிக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் வேலை கூடாது. முள் வைத்த கோலும் முள் வைத்த கடிவாளமும் விலக்கப்பட்டவை. 70 கிலோ என்பது தாண்டக்கூடாத எல்லையே தவிர, ஏற்றவேண்டிய அளவன்று. சிறு குதிரைக்கும் இளங்குதிரைக்கும் அது எவ்விதத்திலும் பொருந்தாது.

இரு பக்கமும் எடை சமமாயிருப்பது மொத்த எடையைவிட முக்கியமானது என்றுகூடச் சொல்வேன். ஒரு பக்கம் இரண்டு கிலோ அதிகமானாலும் சேணம் அப்பக்கம் இழுத்து, மறுபக்கத்து விளிம்பு முதுகெலும்பின் மேல் ஏறி அறுக்கும். வீட்டிலேயே தராசில் நிறுத்து இரண்டு சாக்கையும் சமமாக்கியபின் ஏற்றுக. கனமானவற்றை அடியிலும் உடலை ஒட்டியும் வைக்கவேண்டும். மேலே உயரமாக அடுக்கினால் பொதி ஊஞ்சலாடும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரு பக்கமும் இருவர் நின்று ஒரே சமயத்தில் செய்தல் வேண்டும். ஏற்றத்தில் பொதி பின்னே சரியாமலிருக்க மார்பு வாரும், இறக்கத்தில் முன்னே வழியாமலிருக்கப் பின்தொடையைச் சுற்றும் வாரும் தேவை. நம் மலைகளில் பின்வார் இல்லாமலே பலர் ஓட்டுகிறார்கள். இறக்கத்தில் பொதி கழுத்தில் வந்து விழுவதால்தான் பாதி விபத்துகள் நேர்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

வேலை முடிந்ததும் சேணத்தைப் பிடுங்கி எறியாமல், வாரைத் தளர்த்திப் பத்து நிமிஷம் விட்டுப் பிறகு எடுக்க. எடுத்தவுடன் முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராக நனைந்திருந்தால் சேணம் பொருந்தியிருக்கிறது. நனைந்த முதுகின் நடுவே கையகலம் உலர்ந்த இடம் தெரிந்தால் அங்கே அளவு மீறி அழுத்துகிறது என்று அறிக. புண் வருவதற்கு முன் குதிரை அனுப்பும் தந்தி அது. அந்த இடத்துக்கு நேராகச் சேணத்தின் அடியிலுள்ள பஞ்சை விலக்கிவிட வேண்டும். புதிதாகக் குதிரை வாங்குவோரும் முதுகை நன்கு பார்க்கவேண்டும். கருமயிரிடையே வெள்ளை மயிர்த் திட்டுக்கள் இருந்தால் அவை பழைய சேணப் புண்ணின் தடங்கள். தரகர் அதை அதிர்ஷ்ட மறு என்பார்.

புண்களை அலட்சியம் செய்யலாகாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. வில்வாதம் என்னும் டெட்டனஸ் வியாதிக்குக் குதிரை மிக எளிதில் இரையாகும். முதுகுப் புண்ணும் குளம்பில் ஏறிய ஆணியுமே அதற்கு வாயில். தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டு வருக. மழைக்குப் பின் பெரிய ஈக்கள் பெருகும் காலத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல் கண்டு, இளைத்து, கால்களும் அடிவயிறும் வீங்கினால் சர்ரா வியாதியோ என்று ஐயுற்று மருத்துவரை அழைக்க. மூக்கில் சீழ் ஒழுகி, தோலில் கட்டிகள் தோன்றினால் அது மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். பிராணியைத் தனியே கட்டி உடனே கால்நடை மருத்துவமனைக்கும் கிராம அதிகாரிக்கும் அறிவிப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. தீவனத்தைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. புல்லே பிரதானம், ஊறவைத்த கொள்ளும் தவிடும் வேலைக்கேற்ற துணை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாதாகையால், கெட்ட தீவனமும் அளவு மீறிய தானியமும் வயிற்றுவலியாய் முற்றி உயிரையே வாங்கும்.

பழகிய இளங்குதிரையோடு முதன்முதலாக இரவு தங்கும் நெடுவழிப் பிரயாணம் செய்யும்போது அதற்கு முழுச் சுமையில் பாதி மட்டும் வைக்கவேண்டும். வரிசையில் பெரிய குதிரைக்குப் பின்னே, கடைசியல்லாத இடத்தில் நடத்துக. குதிரைகளை ஒன்றோடொன்று கட்டுவதாயின் இடையில் மெல்லிய சணல் துண்டு ஒன்றைக் கோத்துக் கட்டவேண்டும். ஒன்று சரிவில் வழுக்கினால் சணல் அறுந்து மற்றவை தப்பும். நல்ல தாம்புக் கயிறானால் எல்லாம் சேர்ந்தே போகும். தங்குமிடத்தில் முதலில் தண்ணீர், பிறகு புல், கடைசியில் கொள்ளு. கட்டும் கயிறு கால் சிக்காத உயரத்தில், மரத்தில் கட்டப்படவேண்டும். விடிந்ததும் சேணம் வைப்பதற்கு முன், இரு கை விரல்களாலும் முதுகை முன்னிருந்து பின்னாக அழுத்திக்கொண்டு வருக. எங்கேனும் குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்மடித்தாலோ, ஊதல் தென்பட்டாலோ, அன்று அதன் பொதியை மற்றக் குதிரைகளுக்குப் பகிர்ந்து கொடுத்து அதை வெறுமனே நடத்தி வாருங்கள். மற்றவற்றால் தாங்கமுடியாதாயின் பொதியை அங்கேயே நம்பிக்கையான ஓரிடத்தில் வைத்துவிட்டு, மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.